காலை வெப்பநிலையைப் படுக்கையிலேயே பாருங்கள்

காலையில் உடல் வெப்பநிலை குறைவாக இருந்தால் தைராய்டோ, சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியோ சரியாக வேலை செய்யவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்; முதலில் அளக்கும் முறை. தெர்மாமீட்டரை இரவே தலையணைப் பக்கத்தில் வைத்துவிடுவேன். கண் விழித்ததும் எழுந்து உட்காராமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் அதை நாக்குக்கு அடியில் வைத்து வாயை மூட வேண்டும். பீப் சத்தம் வரும்வரை பேசக் கூடாது. (வீட்டில் யாராவது அப்போதுதான் ஏதாவது கேட்பார்கள்!) அக்குளில் வைத்தால் அளவு சற்றுக் குறைவாகக் காட்டும், அதனால் இன்று வாய், நாளை அக்குள் என்று மாற்றாதீர்கள்.

நோட்டில் நேரம், அளவு, தூக்கம், மாதவிடாய் நாள் எல்லாம் எழுதுங்கள். கருமுட்டை வெளிவந்த பிறகு அரை டிகிரி ஃபாரன்ஹீட் போல ஏறுவது இயல்பு.

97.8 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனாலே தைராய்டு சுரப்பு குறைவு என்பது 1940-களில் புரோடா பார்ன்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் பரப்பிய கருத்து. நான் அதை நம்புவதில்லை. தைராய்டுக்கு டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), அட்ரினலுக்குக் கார்டிசால் (அட்ரினல் சுரக்கும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனைதான் சரி. சோர்வும் குளிரும் விடாமல் இருந்தால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதன் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.