கென்னடி விமான நிலைய வானொலியைக் கேட்கப் பழகுதல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

விமானிகளும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் வானொலியில் பேசிக்கொள்வதைக் கேட்பது பல நாடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் பொழுதுபோக்கு. இதில் நுழைபவர்களில் பலர் முதல் வேலையாகக் கருவி வாங்குகிறார்கள். அதில் இரைச்சலும், பிடிபடாத வேகத்தில் ஓடும் ஆங்கிலமும் மட்டுமே கேட்பதால் சில வாரங்களில் கருவி அலமாரிக்குப் போய்விடுகிறது. ஆங்கிலம் தெரியாததோ கருவி மட்டமானதோ இதற்குக் காரணமல்ல. அடுத்து என்ன சொல்லப்படும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கத் தெரியாத காதுக்கு இந்தப் பேச்சு வெறும் ஓசைதான். எதிர்பார்க்கத் தெரிந்துவிட்டால், பாதி சொற்கள் இரைச்சலில் மறைந்தாலும் பொருள் விளங்கிவிடும். எனவே இந்த விளக்கத்தில் கருவி கடைசிப் படியாகவே வருகிறது.

எடுத்துக்காட்டாக நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தை எடுத்துக்கொள்கிறேன். அங்குள்ள கட்டுப்பாட்டாளர்கள் வேகமாகப் பேசுபவர்கள் என்பதால் இது கடினமான தொடக்கமாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி அலைவரிசை இருப்பதால், அமைதியான சிறிய நிலையத்தில் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை வரும் குரலுக்காகக் காத்திருப்பதைவிட இங்கே பழகுவது எளிது.

படி 1: சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புத் தனியுரிமைச் சட்டம், வான்வழி வானொலித் தொடர்புகளைக் கேட்பதற்கு வெளிப்படையாக விலக்கு அளிக்கிறது. பிரிட்டனில் நிலைமை நேர்மாறானது: 2006-ஆம் ஆண்டின் வயர்லெஸ் டெலிகிராபிச் சட்டத்தின்படி, தமக்கென அனுப்பப்படாத தொடர்பைக் கேட்பது குற்றம். இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், வானொலிக் கருவியை வைத்திருப்பதற்கே அரசின் அனுமதி வேண்டும் என்கிறது. விலக்குகள் இருக்கக்கூடும் என்றாலும், கருவி வாங்க நினைக்கும் முன் தொலைத்தொடர்புத் துறையின் விதிகளைப் படித்துவிடுவது முறை. எந்த நாட்டில் இருந்தாலும் விமான அலைவரிசைகளில் பேச முயலக்கூடாது. இது கேட்பதற்கு மட்டுமான பொழுதுபோக்கு.

படி 2: இணைய ஒலியோடையும் வரைபடமும்

லைவ்ஏடிசி என்னும் இணையதளம், பல நாடுகளின் தன்னார்வலர்கள் தம் வீடுகளில் வைத்திருக்கும் வானொலிப் பெட்டிகள் வழியாகப் பெறும் ஒலியை நேரடியாக வழங்குகிறது. பிரிட்டனின் விமான நிலையங்கள் மேற்சொன்ன சட்டத்தால் அதில் இல்லை. கென்னடியின் நிலையக் குறியீடான கேஜேஎஃப்கே என்பதைத் தேடினால் அதன் ஓடைகள் வரிசையாகத் தெரியும்.

அத்துடன் அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம், அதாவது எஃப்ஏஏ, இலவசமாக வெளியிடும் விமான நிலைய வரைபடத்தைப் பதிவிறக்கி, முடிந்தால் தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். அதில் நான்கு ஓடுபாதைகள், இரண்டு இணைகளாக, ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்திருப்பதைக் காணலாம். ஓடுபாதையின் எண் என்பது காந்தத் திசைமானியின் பாகையைப் பத்தால் வகுத்து வருவது. ஏறத்தாழ 40 பாகையை நோக்கியிருக்கும் பாதை 4 ஆகவும், அதே பாதையின் மறுமுனை 22 ஆகவும் அழைக்கப்படுகிறது. இணைப்பாதைகள் இரண்டு இருப்பதால் இடது, வலது என்ற சொல் சேர்கிறது. ஆகவே ‘ஃபோர் லெஃப்ட்’, ‘டுவென்டிடூ ரைட்’ என்பவை ஒரே பாதையின் இரு முனைகள். மற்ற இணை 13, 31 என்ற எண்களைக் கொண்டது. அதில் 13 வலது, 31 இடது என்னும் பாதை 14,511 அடி, அதாவது சுமார் 4.4 கிலோமீட்டர் நீளமுடையது. இந்த எட்டுப் பெயர்களும் மனப்பாடமாகும்வரை அடுத்த படிக்குப் போகவேண்டாம்.

படி 3: எழுத்தும் எண்ணும்

வானொலியில் ஆங்கில எழுத்துகள் ஏ, பி, சி என்று அப்படியே சொல்லப்படுவதில்லை, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல் உண்டு. ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று தொடங்கும் இந்த 26 சொற்களையும் வரிசையாக ஒப்பிப்பதில் பயனில்லை. ஊர்திகளின் பதிவு எண்களைச் சாலையில் பார்க்கும்போதெல்லாம் இச்சொற்களால் படித்துப் பழகினால் விரைவில் வந்துவிடும். எண்களில் 9 என்பது ‘நைனர்’ ஆகும். விமான எண்ணை அமெரிக்கர்கள் இரண்டிரண்டு இலக்கமாகச் சேர்த்துச் சொல்வார்கள்: டெல்டா 1943 என்பது ‘டெல்டா நைன்டீன் ஃபார்ட்டி த்ரீ’. பிற நாடுகளில் பெரும்பாலும் இலக்கங்களைத் தனித்தனியாகச் சொல்வதால், பழக்கம் மாறும்போது சற்றுத் தடுமாற்றம் வரும்.

விமான நிறுவனத்தின் பெயரே எப்போதும் அழைப்புப் பெயராக இருப்பதில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் ‘ஸ்பீட்பேர்ட்’ ஆகவும், அயர்லாந்தின் ஏர் லிங்கஸ் ‘ஷாம்ராக்’ ஆகவும், சரக்கு நிறுவனமான அட்லஸ் ஏர் ‘ஜயன்ட்’ ஆகவும் ஒலிக்கின்றன. எண்ணுக்குப்பின் ‘ஹெவி’ என்று வந்தால், அந்த விமானம் 3,00,000 பவுண்டு (ஏறத்தாழ 136 டன்) அல்லது அதற்கு மேற்பட்ட எடையுடன் புறப்படக்கூடிய வகையைச் சேர்ந்தது என்று பொருள். அதன் பின்னால் உருவாகும் காற்றுச்சுழல் சிறிய விமானங்களைப் புரட்டக்கூடியது என்பதால் இந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. ஏர்பஸ் ஏ380 மட்டும் ‘சூப்பர்’.

படி 4: புறப்பாட்டு அனுமதி

ஒரு விமானத்தின் பயணம் எந்த வரிசையில் நடக்கிறதோ அந்த வரிசையிலேயே கேளுங்கள். முதலில் ஏடிஸ் எனப்படும் பதிவுசெய்யப்பட்ட தகவல்: காற்று, மேகம், காற்றழுத்தம், பயன்பாட்டில் உள்ள ஓடுபாதைகள். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் அடுத்த எழுத்து தரப்படுவதால், விமானி ‘வித் கிலோ’ என்றால் கிலோ எழுத்துப் பதிப்பைக் கேட்டுவிட்டார் என்று அறியலாம். இந்தத் தகவல் எழுத்து வடிவிலும் இணையத்தில் கிடைக்கிறது. அதைப் படித்துவிட்டு உட்கார்ந்தால், இன்று எந்தப் பாதையில் இறங்குகிறார்கள், எதில் ஏறுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

அடுத்து 135.05 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் கிளியரன்ஸ் டெலிவரி. இங்கே தரப்படும் அனுமதி எப்போதும் ஐந்து உறுப்புகள் கொண்டது: சென்றடையும் இடம், செல்லும் வழி, முதலில் ஏறவேண்டிய உயரம், புறப்பட்டபின் பேசவேண்டிய அலைவரிசை, ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் நான்கிலக்க எண். இந்த எண்ணில் 0 முதல் 7 வரையுள்ள இலக்கங்களே வரும் என்பதால் மொத்தம் 4,096 எண்கள்தாம் உண்டு. டெல்லிக்குப் புறப்படும் ஏர் இந்தியா 102-க்கு அனுமதி தரப்படுகிறது என்றால், ஐந்து வரி போட்ட தாளில் ஒவ்வோர் உறுப்பையும் குறியுங்கள். கட்டுப்பாட்டாளர் சொல்லும்போது தவறவிட்டதை, விமானி திருப்பிச் சொல்லும்போது பிடித்துக்கொள்ளலாம். இந்தத் திருப்பிச் சொல்லல் விமானப் பாதுகாப்புக்காக ஏற்பட்டது. கேட்பவருக்கு ஒவ்வொரு வாக்கியத்தையும் இருமுறை தரும் வசதியாகவும் அது அமைந்துவிட்டது. ஐந்தில் வழிப்பெயரைப் பிடிப்பதுதான் கடினம், அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

படி 5: தரையும் கோபுரமும்

பொழுதுபோக்கின் இதயமே இந்தப் படிதான். 121.9 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் ‘கென்னடி கிரவுண்ட்’, டாக்ஸிவே எனப்படும் இணைப்புப் பாதைகளில் விமானங்களை நகர்த்துகிறது. 119.1, 123.9 ஆகியவற்றில் ஒலிக்கும் ‘கென்னடி டவர்’ ஓடுபாதைகளில் ஏறவும் இறங்கவும் அனுமதி தருகிறது. அச்சிட்ட வரைபடத்தை எடுத்து, ‘டாக்ஸி வயா பிராவோ, ஹோல்ட் ஷார்ட் ஆஃப் கிலோ’ என்று கேட்டதும் பி என்னும் பாதையில் விரலை நகர்த்தி, கே என்னும் பாதைக்கு முன்பு நிறுத்துங்கள். ‘ஹோல்ட் ஷார்ட்’ என்றால் கடக்காமல் நில். ‘லைன் அப் அண்ட் வெயிட்’ என்றால் ஓடுபாதையில் நுழைந்து நேராக நின்று காத்திரு. பின்னது 2010 செப்டம்பர் 30 முதல் அமெரிக்காவில் வழக்கிலுள்ளது. அதற்கு முந்தைய பதிவுகளில் ‘பொசிஷன் அண்ட் ஹோல்ட்’ என்றே கேட்கும்.

இரண்டு ஓடைகளையும் மாறிமாறிக் கேட்பதன் தேவையை 2023 ஜனவரி 13 இரவு நடந்த நிகழ்ச்சி விளக்கும். லண்டனுக்குச் செல்லவிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 106-ஆம் எண் விமானம், 31 இடது என்னும் பாதையைக் கடக்க அனுமதி பெற்றிருந்தது. ஆனால் தவறான திருப்பத்தில் சென்று, 4 இடது பாதையைக் கடந்தது. அதே பாதையில் டெல்டா 1943 மேலெழ அனுமதி பெற்று வேகமெடுத்துக்கொண்டிருந்தது. கோபுரக் கட்டுப்பாட்டாளர் உடனே அந்த அனுமதியை ரத்து செய்ய, டெல்டா விமானி பாதையிலேயே நிறுத்திவிட்டார், எவருக்கும் காயமில்லை. இரு விமானங்களும் வெவ்வேறு அலைவரிசைகளில் இருந்தன என்பதைக் கவனியுங்கள். கிரவுண்டை மட்டும் கேட்டவருக்கு எல்லாம் முறையாக நடப்பதுபோலவே தோன்றியிருக்கும். டவரை மட்டும் கேட்டவருக்குத் திடீர் ரத்து எங்கிருந்து வந்தது என்று புரிந்திருக்காது. இந்நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. வரைபடத்தை வைத்துக்கொண்டு அதைக் கேட்பதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

பழைய பதிவுகளைத் தேடும்போது நேரக் கணக்கில் கவனம் தேவை. லைவ்ஏடிசி ஆவணங்கள் அரைமணி நேரத் துண்டுகளாக, உலக ஒருங்கிணைந்த நேரப்படி அடுக்கப்பட்டிருக்கும்; வான்போக்குவரத்தில் அதை ‘ஜூலு’ என்பார்கள். மேற்சொன்ன நிகழ்ச்சி நியூயார்க்கில் இரவு 8.43-க்கு நடந்தது, ஜூலு கணக்கில் அது அடுத்த நாள் 01.43. கோடைக்காலத்தில் இந்த வேறுபாடு ஐந்து மணி நேரத்திலிருந்து நான்காகக் குறையும். சென்னையிலோ மதுரையிலோ இருந்து கேட்பவர்களுக்கு அதிகாலை வசதியானது: கோடையில் இந்திய நேரம் காலை 5 மணி என்பது நியூயார்க்கில் முந்தைய நாள் இரவு 7.30; ஐரோப்பாவுக்குச் செல்லும் விமானங்கள் வரிசைகட்டிப் புறப்படும் வேளை.

படி 6: வானில் ஏறியபின்

ஓடுபாதையை விட்டு எழுந்த விமானத்தைக் கோபுரம், லாங் ஐலண்டின் வெஸ்ட்பரியில் உள்ள ரேடார் மையத்திடம் ஒப்படைக்கிறது. புறப்பாட்டுக்கான அலைவரிசை பொதுவாக 135.9. அங்கிருந்து, நெடுந்தூரப் பயணப் பகுதியைக் கவனிக்கும், ரான்கான்கோமாவில் உள்ள நியூயார்க் சென்டருக்கு விமானம் மாறும். இங்கே கேட்பவை திசை, உயரம், வேகம் ஆகிய மூன்றே. 18,000 அடிக்குமேல் உயரம் ‘ஃப்ளைட் லெவல்’ ஆகிவிடும்: 350 என்றால் 35,000 அடி. விமானங்களின் இருப்பிடத்தைக் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தை அருகே திறந்துவைத்தால் குரலும் புள்ளியும் பொருந்தும். இணைய ஒலி சில நொடிகள் தாமதமாக வரும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

படி 7: சொந்த வானொலி

அனுமதிக்கும் நாட்டில் வாழ்பவர்கள், காது பழகியபின் கருவியை நாடலாம். விமானப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில், ஒலிக்கேற்ப அலையின் வலிமையை மாற்றும் ஏஎம் முறையில் நடக்கிறது. எனவே மலிவாக விற்கும் வாக்கிடாக்கிகளில் எஃப்எம் மட்டுமே உள்ளவை இதற்கு உதவா. எஃப்எம் முறையில் வலிமையான அலை மற்றதை அமுக்கிவிடும். ஏஎம்மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கலந்து கீச்சொலியாகக் கேட்கும், அதனால் யாரோ இடைப்பட்டார் என்பதாவது தெரியும். 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவில் இரு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் உயிரிழந்த விபத்தில், கேஎல்எம் விமானியின் காதில் விழுந்தது இத்தகைய கீச்சொலியே. அதற்குள்தான், காத்திருக்கச் சொன்ன கோபுரத்தின் குரலும் தாம் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாகச் சொன்ன பான் ஆம் விமானத்தின் குரலும் மறைந்துபோயின.

அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிக் கேட்கும் கையடக்கமான ஸ்கேனர் வேண்டுமெனில் யூனிடென் பிசி125ஏடி தொடக்கத்துக்குப் போதும். கணினி உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்னும் சிறிய யூஎஸ்பி கருவி. தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட சில்லை, ஏறத்தாழ எல்லா அலைவரிசைகளையும் கேட்கப் பயன்படுத்தலாம் என்று 2012 வாக்கில் ஆர்வலர்கள் கண்டறிந்ததன் விளைவு இது. எஸ்டிஆர்++ அல்லது ஜிகியூஆர்எக்ஸ் மென்பொருளை நிறுவி, முறையை ஏஎம் என்று மாற்றுங்கள். ஒரே வேளையில் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம் திரையில் தெரியும், 122.9-ஐ நடுவில் வைத்தால் கிரவுண்டின் 121.9, டவரின் 123.9 இரண்டும் ஒரே சாளரத்தில் அடங்கிவிடும். 119.1 அதற்குள் வராது.

இந்த அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்பவை. 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் குரல் 400 கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கலாம். ஆனால் கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கும் கோபுரத்தின் குரல் 20 கிலோமீட்டரிலேயே மறைந்துவிடலாம். ஆகவே விமானி மட்டும் பேசுவதும், பதில் கேட்காமலிருப்பதும் கருவியின் பழுது அல்ல. ஆன்டெனாவைச் சன்னலோரமாகவோ மாடியிலோ செங்குத்தாக நிறுத்துங்கள். இரு கம்பிகள் கொண்ட ஆன்டெனா என்றால் ஒவ்வொரு கம்பியும் சுமார் 58 சென்டிமீட்டர், அதாவது அலைநீளத்தில் கால்பங்கு, இருக்கட்டும். எங்கு திருப்பினாலும் பாட்டும் விளம்பரமும் மேலே படிந்து கேட்டால், அருகிலுள்ள எஃப்எம் நிலையம் கருவியைத் திணறடிக்கிறது. முதலில் கெயின் எனப்படும் பெருக்க அளவைக் குறைத்துப் பாருங்கள், போதாவிட்டால் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தடுக்கும் வடிகட்டியை ஆன்டெனாவுக்கும் கருவிக்கும் இடையே பொருத்துங்கள். இறுதியாக, யாரும் பேசாத நேரத்தில், இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் அளவை மெல்ல உயர்த்தி, இரைச்சல் நின்ற இடத்துக்குச் சற்றே மேலே விடுங்கள். அதற்கும் மேலே போனால் தொலைதூர விமானங்களின் மெலிந்த குரல்கள் வெட்டுப்பட்டுவிடும்.