தைலமர எண்ணெய்: வடிகலன் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில், டோங்காட், ஸ்டாங்கர் பக்கம் கரும்பு போடுகிறவர்களுக்கு இந்த யோசனை சுலபமாக வரும்: மரம் வெட்டிய தோட்டங்களில் தைலமரத் தழை சும்மாதானே கிடக்கிறது, அள்ளி வந்து நீராவியில் எண்ணெய் வடித்தால் என்ன?

மரம் எது?
இங்கே காகிதக்கூழுக்கு வளர்ப்பது பெரும்பாலும் கிராண்டிஸ் என்ற தைலமர இனம், அதன் கலப்பினங்கள். இவற்றின் இலையில் எண்ணெயும் கம்மி, எண்ணெயில் சினியோலும் (தைல வாசனை தரும் பொருள்) கம்மி. மருந்துக் கம்பெனிக்காரர் கேட்பது 70 சதவீதத்துக்குக் குறையாத சினியோல். அதற்கு ஸ்மித்தி போன்ற இனம் வேண்டும். சிட்ரியோடோரா என்ற இனத்தில் வருவது சிட்ரோனெல்லால் என்ற எலுமிச்சை மணப் பொருள். அதை வாங்குகிறவர் வேறு ஆள்.

கரும்பை எடுத்துவிட்டுப் புதிதாக மரம் நடுவதானால், 1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டப்படி உரிமம் வேண்டும். வணிக மரத்தோட்டம் ஓடைநீரைக் குறைக்கும் என்பது காரணம். நாற்று வாங்கும் முன்பே இதை விசாரியுங்கள்.

சோதனை வடிப்பு
ஏழெட்டு மரங்களின் இலையைக் கலந்து 10 கிலோ எடுத்துச் சிறிய கலனில் வடியுங்கள். கிடைத்த மில்லியை எண்ணெயின் அடர்த்தியான 0.91-ஆல் பெருக்கினால் கிராம். 132 மில்லி வந்தால் 120 கிராம், அதாவது 1.2 சதவீதம். மழைக்காலத்தில் ஒருமுறை, வறண்ட காலத்தில் ஒருமுறை செய்யுங்கள். இரண்டில் குறைந்ததை வைத்தே கணக்குப் போடுங்கள்.

ஒரு வடிப்பின் செலவு
500 கிலோ தழை பிடிக்கும் கலன் என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டிக் கொண்டுவர 300 ராண்ட்
இரண்டு ஆள், 4 மணி நேரம்: 240
விறகு: 100
கலன் தேய்மானம்: 100
டின், பரிசோதனை: 60
மொத்தம்: 800 ராண்ட்

1.2 சதவீதம் என்றால் 6 கிலோ எண்ணெய். கிலோ 133 ராண்ட் அடக்கம். 0.6 சதவீதமானால் 3 கிலோதான், அடக்கம் 267. கிராண்டிஸ் தழையை இலவசமாகக் கலன்வரை கொண்டுவந்தே கொடுத்தாலும் அந்த 300-தான் மிச்சமாகும்; மீதி 500 ராண்டைத் தப்ப முடியாது. வாங்குகிறவர் கிலோவுக்கு 200 ராண்ட் தருவதாகச் சொன்னால், 800-ஐ 200-ஆல் வகுங்கள்: 4 கிலோ, அதாவது 0.8 சதவீதம் வந்தால்தான் கைக்காசு போகாது. மொத்தச் சந்தையில் சீனச் சரக்குதான் விலையை இழுக்கிறது என்பதால், இன்றைய 200 ராண்ட் நாளை 160 ஆகலாம். அப்போது 5 கிலோ தேவை.

கலனில் எங்கே கோட்டை விடுவோம்?
விரலைவிடத் தடித்த கொம்பை உள்ளே போடாதீர்கள். அதில் எண்ணெய் இல்லை, இடத்தை மட்டும் அடைக்கும். தழையை மிதித்து, ஓரங்களில் நன்றாக அமுக்குங்கள். இடைவெளி விட்டால் நீராவி அந்த வழியே புகுந்து ஓடிவிடும். கலனைத் திறந்தால் ஒரு பக்கம் வெந்திருக்கும், மறுபக்கம் பச்சையாகவே இருக்கும். குவித்த தழையை நாள்கணக்கில் போட்டுவைத்தால் சூடேறி எண்ணெய் குறையும். குளிர்விப்பானிலிருந்து எண்ணெயோடு வடியும் நீர் கையைச் சுடுகிறதா? எண்ணெய் காற்றோடு போகிறது, குளிர்நீரைக் கூட்டுங்கள்.

பிரிப்பானில் எண்ணெய் மேலே மிதக்கும். கால் மணிக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். முதல் ஒரு மணி நேரத்திலேயே பெரும்பங்கு வந்துவிடும். கடைசிக் கால் மணியில் வந்த எண்ணெயின் விலை அந்தக் கால் மணியின் விறகுக்கும் கூலிக்கும் கட்டுப்படியாகவில்லையென்றால் நெருப்பை எடுத்துவிடலாம். வெந்த தழையைக் காயவைத்தால் அடுத்த வடிப்புக்கு எரிபொருள்.

எண்ணெயில் நீர்த்துளி தங்கக்கூடாது. சாதாரண பிளாஸ்டிக் கேன் வேண்டாம். கண்ணாடி அல்லது அலுமினியக் கலத்தில் வாய்வரை நிரப்பி, அடுப்புக்கு எட்டத்தில் வையுங்கள். 50 டிகிரிக்கு முன்பே தீப்பற்றும் ஆவி கிளம்பும் சரக்கு இது.