சூப்பர் காரில் திறக்காத பக்கக் கண்ணாடியை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதவுக்குப் பின்னால், பின் சக்கரத்துக்கு மேலே, முக்கோணமாகவோ நீண்ட துண்டாகவோ ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். ஏறாது, இறங்காது. குவார்ட்டர் கிளாஸ் என்பார்கள். சில கார்களில் கதவுக் கண்ணாடியே பெரும்பகுதி அசையாது: டெலோரியனிலும் மெக்லாரன் எஃப்1-இலும் கதவில் ஒரு சிறு பகுதிதான் திறக்கும், மற்றதெல்லாம் நிலையாக ஒட்டியதுதான்.

கண்ணாடியை ஒட்டும் முறை சாதாரணக் காரிலும் சூப்பர் காரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அது உட்காரும் இடம்தான் வேறு. கண்ணாடி வீணானால், எவ்வளவு விலையானாலும், காத்திருந்து இன்னொன்று தருவிக்கலாம். அதைத் தாங்கும் பாடியின் விளிம்பில் கத்தி இறங்கிவிட்டால் அதை எந்தக் கடையிலும் ஆர்டர் போட முடியாது. இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் அந்த விளிம்பை மறந்ததால் வருபவை. அதனால் வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இப்போது நான் செய்வது விளிம்பை என்ன செய்யும்?

உடைந்தவுடன் வண்டியைக் கிளப்புவது

பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் டெம்பர்டு வகை, அதாவது சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து வலுவாக்கியவை. உடைந்தால் அரிசிக் கல் அளவிலிருந்து விரல் நுனி அளவு வரை ஆயிரக்கணக்கான துணுக்குகளாகச் சிதறும். எஞ்சின் நடுவில் இருக்கும் காரில் இந்தக் கண்ணாடி எஞ்சின் அறைக்கும் பக்கவாட்டுக் காற்று வாய்க்கும் பக்கத்திலேயே இருக்கிறது. துணுக்குகள் காற்று வாய்க்குள் விழும், பெல்ட்டுகளுக்கு நடுவே போகும், ரேடியேட்டர் விசிறியின் கூட்டுக்குள் தங்கும். அப்படியே சாவியைத் திருப்பினால் சுழலும் பாகங்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போய் எங்கெங்கோ வீசும். ஏசி ப்ளோயரையும் போட வேண்டாம். காற்று இழுக்கும் பாதையில் துணுக்கு கிடந்தால் பிறகு டேஷ்போர்டையே கழற்ற வேண்டி வரலாம்.

முதலில் வாக்யூம். கையால் துடைப்பது இரண்டாவது தவறு, ஏனென்றால் துணிக்குள் மாட்டிய துணுக்கு பெயின்ட்டிலும் சீட்டின் தோலுறையிலும் கோடு கோடாக இழுத்துவிடும். தண்ணீர் வடியும் குழாய்களின் வாயையும் பார்க்க வேண்டும். அங்கே அடைத்த கண்ணாடி, முதல் மழையில் தண்ணீரைக் கேபினுக்குள் திருப்பிவிடும். அப்போது புதுக் கண்ணாடிதான் ஒழுகுகிறது என்று எல்லோரும் நினைப்பார்கள்.

திறந்த இடத்தை மூட பிளாஸ்டிக் ஷீட்டும் டேப்பும் போதும். ஆனால் கையில் கிடைத்த பாக்கிங் டேப்பைப் பெயின்ட் மேல் ஒட்டி, வெயிலில் ஒரு வாரம் விட்டால், உரிக்கும்போது கிளியர் கோட்டும் (பெயின்ட்டின் மேல் நிறமில்லாத பூச்சு) சேர்ந்து வரும். பாதுகாப்பு ஃபிலிம் போட்டிருந்தால் ஃபிலிம் வரும். பெயின்ட்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, ஓரிரு நாளில் மாற்றிக்கொண்டே இருங்கள்.

கண்ணாடி வருமுன்னே பழையதைக் கழற்றுவது

விரிசல் விழுந்த கண்ணாடி, உடைந்து விழாதவரை, தன் இடத்தில் இருப்பதே நல்லது. குறைந்த எண்ணிக்கையில் தயாரான கார்களுக்குக் கண்ணாடி உடனே கிடைப்பது அரிது. புதியது கைக்கு வந்து, பெட்டியைத் திறந்து, சரியானதுதானா என்று பார்த்த பிறகே பழையதில் கை வையுங்கள்.

சரியானதா என்று பார்ப்பது வடிவத்தை மட்டும் பார்ப்பது ஆகாது. கண்ணாடியின் மூலையில் அச்சடித்த முத்திரையைப் படியுங்கள். வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால் அது ஐ.நா. ஒழுங்குமுறை 43-இன்படி அங்கீகாரம் பெற்றது, அந்த எண் அங்கீகாரம் தந்த நாட்டைக் குறிக்கும். நிறச் சாயல், ஆண்டெனா கம்பிகள், ஓரத்தில் வார்த்துச் சேர்த்த ரப்பர் விளிம்பு, பின்பக்கம் ஒட்டிய பின்கள் எல்லாம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். ஒரே மாடலிலேயே கூப்பேக்கும் (மூடிய கூரை) ஸ்பைடருக்கும் (திறக்கும் கூரை) கண்ணாடி வேறு.

டெம்பர்டு கண்ணாடியைப் பொறுத்தவரை இன்னொரு விஷயம். கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, ஓரத்தைத் தேய்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். டெம்பர் செய்த பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது, உடைந்துவிடும். அதன் பலவீனம் ஓரத்தில்தான். முகத்தில் வாங்கும் அடியைத் தாங்கும் அதே கண்ணாடி, மூலையைச் சிமெண்ட் தரையில் ஊன்றி வைத்தால் நொறுங்கும். மடித்த போர்வை மேல் படுக்க வைப்பதே வழி.

கத்தியால் அறுப்பது

இங்கேதான் விளிம்பு போகிறது. கண்ணாடியைப் பாடியோடு பிணைத்திருப்பது யூரித்தேன் பசை, கறுப்பு ரப்பர் மாதிரி இருக்கும். அதை அறுக்க நீண்ட அலகுக் கத்தியோ அதிரும் மின்கத்தியோ வைத்திருப்பார்கள். இரும்புப் பாடியில் கத்தி கொஞ்சம் உரசினால், அந்தக் கீறலில் ப்ரைமர் (அடிப்பூச்சு) தடவிச் சரிசெய்துவிடலாம். விட்டால் துரு பிடிக்கும், துரு பசைக்கு அடியில் ஊர்ந்து போகும். அதுவே கெட்டதுதான்.

சூப்பர் காரில் அந்த விளிம்பு எதனால் ஆனது என்பது காருக்குக் கார் மாறும். 1999-இல் வந்த ஃபெராரி 360-இன் உடலும் சட்டமும் அலுமினியம். லோட்டஸ் எலீஸின் வெளிப் பாடி கண்ணாடியிழை பிளாஸ்டிக். 2011-இன் லம்போர்கினி அவென்டடோர் கார்பன் ஃபைபர் கூட்டின் மேல் கட்டியது. அலுமினியம் துருப்பிடிக்காது என்று சிலர் அலட்சியமாக இருப்பார்கள். துரு வராது, ஆனால் கீறிய இடத்தில் வெள்ளைப் பொடியாக அரிப்பு வந்து பெயின்ட்டைக் கொப்புளமாகத் தூக்கும். கார்பனோடு அலுமினியம் நேரடியாகத் தொட்டுக்கொண்டு ஈரமும் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகம் பிடிக்கும். கார்பன் ஃபைபரில் கத்தி இறங்கினால் நார் அறுபடும், அடுக்குகள் பிரியும். மேலே பெயின்ட் அடித்து மறைக்கலாம், உள்ளே பிரிந்தது பிரிந்ததுதான். அதைச் சரிசெய்வது கண்ணாடி ஒட்டுபவரின் வேலையே இல்லை, கார்பன் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் போக வேண்டும்.

அதனால் கம்பியோ, வலுவான செயற்கை நாரால் ஆன கயிறோதான் இந்த வேலைக்கு உகந்தது. ஊசி போன்ற கருவியால் பசையைத் துளைத்து, கயிற்றின் ஒரு முனையை உள்ளே அனுப்பி, சுற்றிலும் கொண்டுவந்து, உள்ளிருந்து இழுத்து அறுப்பார்கள். கயிறு கண்ணாடியை ஒட்டியே ஓட வேண்டும், பாடிப் பக்கம் சாயக் கூடாது. கூர்மையான மூலைகளில் பெயின்ட்டுக்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைச் செருகிக்கொள்வது நல்லது. நார்க்கயிறு பெயின்ட்டுக்கு எஃகுக் கம்பியை விட மென்மையானது, கார்பன் பாடிக்கு நான் அதையே கேட்பேன். பொறுமை இல்லாமல் ஹீட் கன் காட்டிப் பசையை இளக்குவதும் இந்தக் கார்களில் ஆபத்து: பெயின்ட், கார்பன் நாரைப் பிணைக்கும் ரெசின், சீட்டின் தோலுறை எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன.

அப்புறம், உள் டிரிம். கண்ணாடியின் உட்பக்க ஓரத்தை மூடியிருக்கும் பேனலைக் கழற்றாமல் அறுக்க முயல்வது நேரத்தை மிச்சப்படுத்துவதாகத் தோன்றும். பேனலுக்குப் பின்னால் ஒயர்கள் போகின்றன, சில கார்களில் பக்க ஏர்பேக்கின் பாகங்களும் இருக்கும். பேட்டரியைத் துண்டித்து, காரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, பிறகுதான் அந்தப் பக்கம் கை போக வேண்டும். பழைய க்ளிப்புகள் உடையும். உடையாததுபோல் தெரிவதும் திரும்பப் பிடிக்காது. புது க்ளிப்புகளைக் கண்ணாடியோடு சேர்த்தே ஆர்டர் போட்டுவிடுங்கள்.

பழைய பசையை முழுக்கச் சுரண்டுவது

சுத்தமாகச் செய்கிறேன் என்று பாடியில் இருக்கும் யூரித்தேனை அடிவரை சுரண்டி எடுப்பவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் கெடுதல். தொழிற்சாலையில் பெயின்ட்டோடு பிடித்த அந்தப் பசை உறுதியாக இருந்தால் அதுவே புதுப் பசைக்குச் சிறந்த தளம். 1 முதல் 2 மி.மீ. உயரம் சமமாக விட்டுவிட்டு மேலே சீவி எடுக்க வேண்டும். சீவிய புதுப் பரப்பில் புதுப் பசை நன்றாகப் பிடிக்கும். சீவிய பிறகு விரலால் தடவிப் பார்க்கவே கூடாது, கை எண்ணெய் போதும் ஒட்டைக் கெடுக்க.

சிலிக்கான்தான் இதைவிட மோசம். முன்பு யாரோ ஒழுகலை நிறுத்த விளிம்பில் சிலிக்கான் பிதுக்கியிருந்தால், அதன் மேல் யூரித்தேன் ஒட்டாது. அங்கே மட்டும் பழையதை முழுக்க எடுத்தே ஆக வேண்டும். புதுக் கண்ணாடியையும் சிலிக்கானால் ஒட்டிவிடலாம் என்பது கேட்கவே கூடாத யோசனை. வினிகர் வாடை வீசும் வகை சிலிக்கான் உலோகத்தை அரிக்கும்.

கண்ணாடியின் ஓரத்தில் கறுப்பாக ஒரு பட்டை வார்த்திருப்பார்கள். அழகுக்கென்று நினைத்து அதைத் தாண்டிப் பசை போடுபவர்களும் உண்டு. வெயிலின் புறஊதாக் கதிர் யூரித்தேனைப் பொடியாக்கும், அதைத் தடுப்பதே அந்தப் பட்டை. பசை அதற்குள்ளேயே நிற்க வேண்டும்.

க்ளீனர், ஆக்டிவேட்டர் (பசை பிடிக்கப் பரப்பைத் தயார்செய்யும் திரவம்), ப்ரைமர், பசை எல்லாம் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் இருக்கட்டும். ஒன்றிலிருந்து இதையும் இன்னொன்றிலிருந்து அதையும் கலந்தால், பிடிக்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ப்ரைமர் பாட்டிலை உள்ளே இருக்கும் குண்டு சத்தம் போடும்வரை ஆட்ட வேண்டும், ஒரே திசையில் ஒரு தடவை தடவ வேண்டும், தயாரிப்பாளர் சொன்ன நேரம் உலர விட வேண்டும். பார்த்தால் காய்ந்தாற்போல் இருக்கும், சரி, வைத்துவிடலாம் என்று அவசரப்படும் இடம் அதுதான்.

பசையைப் பிதுக்கும் முன் வெறும் கண்ணாடியை ஒருமுறை வைத்துப் பாருங்கள். கண்ணாடியைச் சுற்றிச் சட்டமில்லாத கதவுள்ள காரில் கதவுக் கண்ணாடி, குவார்ட்டர் கிளாஸின் முன் ஓர ரப்பரில் வந்து அணைகிறது. 2 மி.மீ. உள்ளே தள்ளியோ வெளியே துருத்தியோ ஒட்டிவிட்டால் வேகத்தில் காற்று ஊளையிடும். சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்கும்போது மாஸ்கிங் டேப்பை கண்ணாடியிலும் பாடியிலும் சேர்த்து ஒட்டி, நடுவே பிளேடால் வெட்டிவிட்டால், பசையோடு வைக்கும்போது இரண்டு டேப் துண்டுகளும் நேராக வந்தால் போதும்.

பசை முக்கோண வடிவில், நிமிர்ந்து, இடையில் அறுபடாமல் ஒரே ஓட்டமாக வர வேண்டும். அதற்காகவே நாஸில் நுனியை ‘வி’ வடிவத்தில் வெட்டுகிறார்கள். தொடங்கிய இடமும் முடித்த இடமும் சேரும் மூலையில்தான் பெரும்பாலும் ஒழுகும். இரண்டு முனையையும் கொஞ்சம் ஏற்றிச் சேர்த்து, தட்டையான குச்சியால் அழுத்திவிடுங்கள். பிறகு தாமதிக்க முடியாது, பசையின் மேல்தோல் சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்கும்.

பிளாஸ்டிக்கைக் கண்ணாடியாக நினைப்பது

எடை குறைக்கச் சில கார்களில் பக்க ஜன்னல் கண்ணாடியே இல்லை. 2010-இன் போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ்-இல் பின்பக்க ஜன்னல்கள் பாலிகார்பனேட். ஆரம்பகால ஃபெராரி எஃப்40-இல் கதவு ஜன்னல் தள்ளித் திறக்கும் பிளாஸ்டிக். நகத்தால் தட்டிப் பார்த்தால் ஒலி மந்தமாக இருக்கும்.

இதில் அமோனியா கலந்த கண்ணாடி க்ளீனரோ, தின்னரோ, அசிட்டோனோ பட்டால் பரப்பு மங்கும், நுண் விரிசல்கள் படரும். கண்ணாடிக்கான ப்ரைமரும் ஆகாது, பாலிகார்பனேட்டுக்கு என்று சொல்லி விற்பதே வேண்டும். சூடேறினால் இது கண்ணாடியை விட 7 மடங்கு நீளும். அரை மீட்டர் தகடு 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1.3 மி.மீ. நீளும், கண்ணாடி 0.2 மி.மீ. கூட நீளாது. எனவே போல்ட் போடும் துளை சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும், அடியில் மென்மையான வாஷர் வேண்டும், முறுக்கு அளவாக இருக்க வேண்டும். இறுக்கினால் துளையிலிருந்து விரிசல் கிளம்பும்.

ஒட்டிய அன்றே கழுவுவது, கதவை அறைவது

யூரித்தேன் காற்றின் ஈரத்தை இழுத்து வெளியிலிருந்து உள்நோக்கி இறுகும். சாதாரண வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் 24 மணி நேரத்தில் சுமார் 3 முதல் 4 மி.மீ. ஆழம். குளிர்ந்த, வறண்ட காற்றில் இன்னும் மெதுவாக. பசைக் குழாயில் அச்சடித்த காலாவதித் தேதியையும் காத்திருப்பு நேரத்தையும் வண்டியின் உரிமையாளரே கேட்டு வாங்கிப் பார்ப்பதில் தப்பே இல்லை.

இரண்டு பேர் உட்காரும் கேபின் சின்னது, காற்று வெளியேற இடம் குறைவு. கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டுக் கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே எழும் அழுத்தம் இறுகாத ஒட்டைத் தள்ளும். முதல் இரண்டு நாள் ஒரு கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியே வையுங்கள். கண்ணாடி நகராமல் பிடிக்க ஒட்டிய டேப்பையும் அதுவரை எடுக்க வேண்டாம். பிரஷர் வாஷர் பக்கமே போகக் கூடாது.

ஒழுகலைச் சோதிப்பது பசை இறுகிய பிறகு, உள் டிரிமைத் திரும்பப் பூட்டும் முன். ஹோஸில் நாஸில் இல்லாமல் தண்ணீரை மெதுவாக வழியவிட்டு, கீழ் ஓரத்திலிருந்து ஆரம்பித்து மேலே போங்கள். மேலிருந்து ஊற்றினால் எந்த இடத்தில் நுழைந்தது என்றே தெரியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடும் உலர்ந்த காகிதத்தோடும் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். முக்கியமாக, பசையின் இரு முனைகள் சேர்ந்த மூலையை.