திறந்த கேனோவில் ராப்பிட் இறங்குவது: புதியவர்களுக்குப் படிப்படியாக

மேலே மூடிய படகான கயாக்கில், உட்கார்ந்தவரின் இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடும் ஒரு ஸ்கர்ட் இருக்கும். அலை தலைக்கு மேலே போனாலும் படகுக்குள் நீர் இறங்காது. கேனோ அப்படியில்லை, மேலே மூடியே இல்லாத படகு அது. ராப்பிட்டில், அதாவது பாறைகளுக்கு நடுவே நுரைத்து ஓடும் ஆற்றுப் பகுதியில், ஒவ்வொரு அலையும் தன் பங்குக்குக் கொஞ்சம் நீரை உள்ளே கொட்டிவிட்டுத்தான் போகும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. 300 லிட்டர் உள்ளே வந்துவிட்டால் 300 கிலோ சுமையை ஒற்றைத் துடுப்பால் திருப்ப வேண்டும். யாராலும் முடியாது.

கேனோவில் ராப்பிட் இறங்கும் கலை முழுவதும் இதிலிருந்துதான் பிறக்கிறது. மெதுவாக, நின்று நின்று, உள்ளே நீர் ஏறாமல் இறங்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் நோக்கம் அதுவே.

படி 1: எந்த நீரில் தொடங்குவது

ராப்பிட்டுகளை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கும் சர்வதேச அளவுகோல் ஒன்று உண்டு. 1 என்றால் சிற்றலையோடு ஓடும் நீர். 6 என்றால் தேர்ந்தவர்களுக்கே உயிராபத்து. அமெரிக்கன் ஒயிட்வாட்டர் அமைப்பு வெளியிடும் வடிவத்தில், 3-ஆம் தரத்தின் விளக்கத்திலேயே அதன் ஒழுங்கற்ற அலைகள் திறந்த கேனோவை நிரப்பிவிடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். 2-இலிருந்து 3-க்குப் போவது நமக்கு எவ்வளவு பெரிய தாவல் என்பது அதிலேயே தெரிகிறது. 2-ஆம் தரத்தில் நினைத்த இடத்தில் படகை நிறுத்த முடிகிற வரை 3-ஐத் தொடாதீர்கள்.

இந்த எண் நாளுக்கு நாள் மாறும். நீர்மட்டம் ஏறினால் அதே ஆறு வேறு ஆறு. நீர் மிகக் குளிர்ந்திருந்தாலோ உதவி எட்டாத இடமாக இருந்தாலோ ஒரு தரம் கூட்டியே கணக்கிடுங்கள். கரையோர மரங்களுக்குள் வெள்ளம் புகுந்திருந்தால் அன்று படகை இறக்கவே வேண்டாம். தனியாகவும் போகாதீர்கள். மூன்று பேராவது, இரண்டு படகாவது இருக்க வேண்டும்.

படி 2: படகும் சாமான்களும்

ஏரியில் நேராக ஓடுவதற்காகச் செய்த கேனோ ராப்பிட்டுக்கு உதவாது. அடிப்பாகம் இரண்டு முனைகளிலும் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். இந்த வளைவை ராக்கர் என்பார்கள். ராக்கர் கூடக் கூடப் படகு சட்டென்று திரும்பும். ராயலெக்ஸ் என்ற பொருளில் செய்த படகுகளை வெகுகாலம் பலரும் விரும்பினார்கள், 2014-இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. இப்போது புதிதாக வாங்குபவர்களுக்குப் பாலிஎதிலீனோ, ராயலெக்ஸுக்கு மாற்றாக வந்த டி-ஃபார்மெக்ஸோ கிடைக்கும். பாலிஎதிலீன் கனம்தான், ஆனால் பாறையில் உரசி உரசிக் கற்றுக்கொள்ளும் காலத்துக்கு நன்றாகத் தாங்கும்.

காற்றுப்பை இல்லாமல் இறங்கக் கூடாது. முன்னும் பின்னும் பெரிய காற்றுப்பைகளை வைத்து, மேலே கயிறு பின்னி இறுக்கிக் கட்டுங்கள். பை அடைத்திருக்கும் இடத்தில் நீர் புக முடியாது. கவிழ்ந்தாலும் படகு உயர மிதக்கும், பாறையில் சிக்கும் வாய்ப்பும் குறையும்.

உங்கள் உடம்பில் லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், கட்டிய ஷூ, விசில், எளிதில் எட்டும் கத்தி. படகில் 15 முதல் 20 மீட்டர் எறிகயிறு, நீர் இறைக்க ஒரு வாளி. தளர்ந்து கிடக்கும் கயிறு எதுவும் கூடாது, காலில் சுற்றினால் ஆபத்து. குளிர்ந்த நீரென்றால் குளிரைத் தடுக்கும் வெட்சூட் அல்லது டிரைசூட் போடுங்கள், பருத்தித் துணி வேண்டாம். திடீரென்று குளிர்நீரில் விழும்போது மூச்சு தானாக உள்ளே இழுக்கும். அந்த நொடியில் முகம் நீருக்கு மேலே இருப்பதை லைஃப் ஜாக்கெட்தான் உறுதி செய்கிறது.

படி 3: மண்டியிடுங்கள்

ராப்பிட்டில் இருக்கையில் உட்கார்ந்து போகக் கூடாது. இரண்டு முழங்காலையும் அகலமாக விரித்துப் படகின் தரையில் ஊன்றி மண்டியிடுங்கள். எடை கீழே இறங்கும், இரண்டு முழங்கால், இருக்கை விளிம்பில் சாய்ந்த பின்புறம் என மூன்று புள்ளிகளில் படகோடு ஒட்டிக்கொள்வீர்கள். முழங்காலுக்கு அடியில் பஞ்சு மெத்தை வையுங்கள். தொடைப்பட்டை மாட்டினால் படகு உங்கள் இடுப்போடு சேர்ந்து அசையும். ஆனால் அது ஒரே இழுப்பில் கழன்றாக வேண்டும், கரையோர நீரிலேயே கவிழ்த்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 4: அமைதியான நீரில் நான்கு இழுப்புகள்

முன்னோக்கி வலிப்பது எல்லோருக்கும் கைவந்துவிடும். ஆனால் ஒரே பக்கம் வலித்தால் படகு மறுபக்கம் திரும்பும். இழுப்பின் முடிவில் துடுப்பின் அலகை வெளிப்பக்கமாகத் திருப்பித் தள்ளி அதைச் சரிசெய்வதுதான் ஜே இழுப்பு.

அடுத்தது ட்ரா. துடுப்பைப் பக்கவாட்டில் தூரமாக ஊன்றி, படகை அதை நோக்கி இழுப்பது. பாறையிலிருந்து ஒதுங்க இதுதான் கை கொடுக்கும். அதே வேலையை மறுபக்கம் செய்ய, பிடியை மாற்றாமல் இடுப்பைத் திருப்பி, துடுப்பைப் படகின் முன்பக்கத்துக்குக் குறுக்கே கொண்டுபோய் ஊன்றி இழுங்கள். இது கிராஸ்-போ ட்ரா. பிடி மாற்றும் அரை நொடியில் துடுப்பு நீரில் இருக்காது, அலைக்கு நடுவே அந்த அரை நொடி நமக்குக் கிடையாது.

மூன்றாவது, பின்வலிப்பு. புதியவர்கள் பயிலாமல் விடுவது இதைத்தான். கேனோவின் பிரேக் இதுதான் என்பதால், முன்வலிப்புக்குச் செலவிடும் அதே நேரத்தை இதற்கும் கொடுங்கள்.

நான்காவது, லோ பிரேஸ். படகு துடுப்புப் பக்கம் சாயும்போது, விரல் கணுக்கள் நீரைப் பார்க்க, அலகை நீர்மேல் தட்டையாக வைத்து அழுத்துங்கள். அந்தப் பிடிமானம் கிடைத்ததும் முழங்காலால் படகை நிமிர்த்துங்கள். தலை கடைசியாகத்தான் எழ வேண்டும். முதலில் தலையைத் தூக்கினால் உங்கள் எடையே படகைக் கவிழ்க்கும்.

இருவர் போகும் படகில் முன்னால் இருப்பவர் பாறையை முதலில் பார்க்கிறார், எனவே ஒதுங்கும் பக்கத்தை அவரே முடிவு செய்கிறார். பின்னால் இருப்பவர் கேள்வி கேட்காமல் படகை அதற்கு இணையாக்க வேண்டும். இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் துடுப்புப் போடுங்கள்.

படி 5: நீரைப் படியுங்கள்

கரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆற்றைப் பார்ப்பது நல்ல பாடம். நீரின் மேற்பரப்பு அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும்.

ஆங்கில வி எழுத்துப் போன்ற வடிவம் தெரிகிறதா என்று பாருங்கள். அதன் கூர்முனை கீழ்நோக்கி, நீர் போகும் திசையில் இருந்தால் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆழமான வழி. கூர்முனை மேல்நோக்கி, நீர் வரும் திசையில் இருந்தால் அந்த முனையிலேயே ஒரு பாறை. நகராமல் ஒரே இடத்தில் எழுந்து நிற்கும் வரிசையான அலைகள் பெரும்பாலும் ஆழ நீரின் அடையாளம். தனியாக ஒரு வழவழப்பான மேடு, அதன் பின்னால் நுரை என்றால் நீருக்குச் சற்றுக் கீழே பாறை இருக்கிறது.

நீர் பாறையைத் தாண்டி விழுந்து, பின்னோக்கிச் சுருண்டு மேல்நோக்கியே திரும்பும் இடத்தை ஹோல் என்பார்கள். அது படகைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹோலின் இரண்டு ஓரங்களும் கீழ்நோக்கி வளைந்திருந்தால் மாட்டியவரை வெளியே தள்ளிவிடும். மேல்நோக்கி வளைந்திருந்தால் நடுவுக்கே இழுக்கும். அதன் பக்கமே போகாதீர்கள்.

எந்தத் தரத்திலும் மன்னிக்காதவை மூன்று. ஒன்று, ஆற்றில் விழுந்து கிடக்கும் மரம். கிளைகள் வழியே நீர் போய்விடும், ஆள் போக முடியாது. இரண்டு, அடியில் குடைந்த பாறை. நீர் மோதும் பாறையின் முன்னால் மெத்தை போல எழும்பும் நுரை இல்லையென்றால் நீர் அடிவழியாகப் போகிறது என்று அர்த்தம். மூன்று, தடுப்பணை. மேலிருந்து பார்த்தால் ஒரு நேர்கோடு மட்டுமே தெரியும். கீழே கரைக்குக் கரை ஒரே சீராகச் சுருளும் நீரிலிருந்து வெளியேற வழியே இருக்காது. தடுப்பணை ஒரு முழ உயரம்தானே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கரைக்கு வந்து படகைச் சுமந்து நடங்கள்.

படி 6: எடியில் நிற்கப் பழகுங்கள்

பாறையின் பின்னால் நீர் அமைதியாகி, மெல்ல மேல்நோக்கித் திரும்பி ஓடும் இடம் எடி. வேகமாக ஓடும் நீரும் எடியும் உரசும் எல்லை எடிக்கோடு. ஓய்வெடுக்க, அடுத்த வழியைப் பார்க்க, உள்ளே வந்த நீரை இறைக்க இந்த எடிகள்தான் நமக்கு இடம். இந்த ஒரு படிக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும்.

உள்ளே நுழைய மூன்று விஷயங்கள் சேர வேண்டும்: வேகம், கோணம், சாய்வு. எடிக்கோட்டை ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில், பாறைக்கு அருகிலேயே, மேல்பகுதியில் வெட்டுங்கள். தாமதித்தால் எடி பலமிழந்த அடிப்பகுதிதான் கிடைக்கும். படகின் முன்முனை எடிக்குள் போனதும் பின்முனையை ஆறு கீழே இழுக்கும், படகு தானே சுழன்று மேல்நோக்கி நிற்கும். அந்த நேரத்தில், சைக்கிளில் வளைவு எடுப்பது போல, திரும்பும் பக்கமாகவே படகைச் சாய்த்துப் பிடியுங்கள்.

வெளியேறுவதும் அதே முறைதான். மேல்நோக்கிப் பார்த்தபடி வேகம் கூட்டி எடிக்கோட்டைத் தாண்டுங்கள். முன்முனை ஓட்டத்தில் பட்டதும் கீழ்நீர்ப் பக்கம், அதாவது நீர் போகும் பக்கம், சாயுங்கள். பயத்தில் உடம்பு மேல்நீர்ப் பக்கம் சாயப் பார்க்கும். அப்படிச் சாய்ந்தால் பாய்ந்து வரும் நீர் விளிம்பைப் பிடித்து உடனே கவிழ்த்துவிடும்.

படி 7: பின்வலித்துக் குறுக்கே நகர்வது

கேனோவுக்கு நன்றாகப் பொருந்தும் அழகான வித்தை பேக் ஃபெர்ரி. கீழ்நோக்கிப் பார்த்தபடியே, போக வேண்டிய கரையை நோக்கிப் பின்முனையைக் கொஞ்சம் சாய்த்து வைத்துப் பின்வலியுங்கள். கீழே இழுபடும் வேகம் குறையும், ஓடும் நீரே உங்களைக் குறுக்கே நகர்த்தும். எதிரே வரும் ஆபத்தை விட்டுக் கண் எடுக்கவே வேண்டியதில்லை. ஆறு வளையும் இடங்களில் ஓட்டம் வெளிக்கரைக்கு அடிக்கும், விழுந்த மரங்களும் அங்கேதான் சேரும். வளைவு வரும் முன்பே பின்முனையை உள்கரைப் பக்கம் திருப்பிப் பின்வலிக்கத் தொடங்குங்கள்.

படி 8: அலையில் நனையாமல் போவது

வேகமாகப் போய் அலையில் மோதினால் முன்முனை அலைக்குள் குத்தும், வாளி வாளியாக நீர் உள்ளே வரும். அலைக்கு முன் பின்வலித்து வேகத்தைக் குறைத்தால் முன்முனை மேலேறி இறங்க நேரம் கிடைக்கும். அலை வரிசையின் நடுவை விட்டு ஓரத் தோளில் போங்கள். அங்கே அலை தாழ்ந்திருக்கும். ஹோல் மட்டும் விதிவிலக்கு. ஒதுங்கவே முடியாத சிறிய ஹோல் என்றால் நேராக, முழு வேகத்தில் தாண்டுங்கள். அங்கே மெதுவாகப் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

நீர் கணுக்கால் அளவு சேர்ந்துவிட்டாலே அருகிலுள்ள எடிக்குள் போய் இறைத்துவிடுங்கள். உள்ளே சேர்ந்த நீர் படகு சாயும் பக்கமெல்லாம் ஓடி அந்தச் சாய்வை இரட்டிப்பாக்கும்.

படி 9: இறங்கும் முன்

எடியிலிருந்து முழு வழியும் தெரியவில்லை என்றால் கரையேறி நடந்து பாருங்கள். கீழிருந்து மேலாகத் திட்டமிடுவது என் வழக்கம்: எங்கே முடிக்க வேண்டும், அதற்கு முன் எந்த எடி, அதை அடைய எங்கிருந்து புறப்பட வேண்டும். கூடவே, கவிழ்ந்தால் எங்கே மிதந்து போவோம் என்றும் பாருங்கள். அந்த இடத்தில் மரமோ ஹோலோ இருந்தால், உங்களால் இறங்க முடியும் என்று தோன்றினாலும் இறங்காதீர்கள்.

எறிகயிற்றோடு ஒருவரைக் கீழே நிறுத்திவிட்டு, ஒவ்வொரு படகாக இறங்குங்கள். துடுப்பைச் செங்குத்தாக உயர்த்தினால் ‘வா’, கிடைமட்டமாகப் பிடித்தால் ‘நில்’. ஒரு பக்கம் சாய்த்துக் காட்டினால் அந்தப் பக்கம் போக வேண்டும். போகக்கூடாத இடத்தை ஒருபோதும் சுட்டிக் காட்டாதீர்கள். விசில் மூன்று முறை என்றால் அவசரம்.

படி 10: தவறினால்

படகு பக்கவாட்டில் பாறையில் மோதப் போகிறது என்றால் பாறையை நோக்கிச் சாய்ந்து அதைக் கட்டிப்பிடியுங்கள். விலகிச் சாய்ந்தால் மேல்நீர் விளிம்பு தாழ்ந்து படகு நிரம்பும். நீரின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். நிரம்பிய படகைப் பாறையைச் சுற்றி வளைத்துவிட அது போதும்.

நீரில் விழுந்தால் உடனே படகின் மேல்நீர்ப் பக்கம் வாருங்கள். படகுக்கும் பாறைக்கும் நடுவே ஒருபோதும் இருக்காதீர்கள். மல்லாந்து, கால்கள் கீழ்நோக்கி, பாதங்கள் நீர்மட்டத்தில் தெரியும்படி மிதந்து போங்கள். இடுப்பளவு நீர்தானே என்று ஓட்டத்தில் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் கால் மாட்டினால் ஓட்டம் உங்களை முகம் குப்புறத் தள்ளி அப்படியே அழுத்தி வைக்கும். எடி தெரிந்ததும் புரண்டு குப்புறப் படுத்து வேகமாக நீந்தி உள்ளே போங்கள். விழுந்த மரத்தை நோக்கித்தான் போகிறீர்கள், தப்ப வழியில்லை என்றால் மட்டும், தலை முன்னால் வர அதை நோக்கியே பலமாக நீந்தி மேலே ஏறிவிடுங்கள்.

எறிகயிறு வந்தால் கயிற்றைப் பிடியுங்கள், கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். முதலில் ஆள், பிறகு படகு, கடைசியாகத் துடுப்பு. மற்றவர்களும் இதே வரிசையில்தான் மீட்க வேண்டும்.

கரையில் படகைக் கவிழ்த்து நீரை வடியுங்கள். காற்றுப்பையில் காற்று குறைந்திருக்கிறதா, பின்னிய கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்தவரின் கை நடுங்கினால், பேச்சு குழறினால் உலர்ந்த உடை மாற்றி, சூடேறிய பிறகுதான் மறுபடி படகு. அடுத்த ராப்பிட்டை அவர் அன்று நடந்தே கடக்கட்டும், படகை மற்றவர்கள் சுமக்கலாம்.