டேகேர் பார்க்க இரண்டு முறை போங்கள், இரண்டாவது முறை சொல்லாமல்

டேகேர் பார்க்க வருகிறோம் என்று போன் செய்தால், காலை பத்தரை அல்லது பதினொன்றுக்கு வரச் சொல்வார்கள். அந்த நேரத்தில் எந்த இடமும் பளிச்சென்றுதான் இருக்கும். பிள்ளைகள் முகம் கழுவி, பவுடர் பூசி, வட்டமாக உட்கார்ந்து ரைம்ஸ் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆயாக்களும் முழு எண்ணிக்கையில் இருப்பார்கள். முதல் முறை அப்படியே போய், கட்டணம், நேரம், லீவு நாட்கள் எல்லாம் பேசிவிட்டு வாருங்கள். அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இரண்டாவது முறை சொல்லாமல் போங்கள். மத்தியானம் ஒன்றரைக்குப் போனால் ஊட்டுவது, கழுவிவிடுவது, தூங்கவைப்பது மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும். மாலை ஐந்தரைக்குப் போனால் ஆயாக்களில் பாதிப்பேர் கிளம்பியிருப்பார்கள், பிள்ளைகளில் பாதிப்பேர் இன்னும் இருப்பார்கள். கைகள் போதாமல் போகும் நேரங்கள் இவை இரண்டும்தான். "தூங்குற நேரம், சத்தமில்லாம வாசல்ல நின்னு பாருங்க" என்றால் நியாயம். "முன்னாடியே சொல்லாம யாரையும் உள்ளே விடறதில்ல" என்றால், சேர்ந்த பிறகும் உங்களை உள்ளே விடமாட்டார்களா என்று அங்கேயே கேளுங்கள். பெற்றோர் எந்த நேரமும் வரலாம் என்று சொல்லத் தயங்கும் இடத்தில் மேற்கொண்டு பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

தலைகளை நீங்களே எண்ணுங்கள்

"எத்தனை ஸ்டாஃப் இருக்காங்க?" என்று கேட்டால் வரும் பதிலில் சமையல்காரம்மா, வாட்ச்மேன், ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் எல்லோரும் சேர்ந்திருப்பார்கள். அதனால் அறைக்கு அறை நின்று, குழந்தை எத்தனை, அந்த நிமிடம் குழந்தைகளோடு இருக்கும் பெரியவர் எத்தனை என்று எண்ணுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைக்கும் கணக்கு இது: ஒரு வயதுக்குள் 3 குழந்தைக்கு ஒருவர், மூன்று வயதுக்குள் 4 குழந்தைக்கு ஒருவர், மூன்று வயதுக் குழந்தைகள் என்றால் 7 பேருக்கு ஒருவர். நம் ஊரில் இதைக் கடைப்பிடிக்கும் இடம் கிடைப்பது அரிது. எங்கள் கணிப்பில், ஒரு வயதுக்குள் 4, இரண்டு வயது வரை 6, மூன்று வயது வரை 8 என்பதைத் தாண்டினால் அந்த இடத்தை விட்டுவிடலாம்.

எவ்வளவு சின்ன அறையானாலும் ஒரே ஒரு ஆள் போதாது. டயபர் மாற்ற ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடமும் அவர் முதுகு மற்ற குழந்தைகள் பக்கம்தான் இருக்கும். கடித்துவைப்பது, தள்ளிவிடுவது, வாயில் எதையாவது போட்டுக்கொள்வது எல்லாம் அப்போதுதான் நடக்கிறது.

பொறுப்பாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு ஆயா இன்னிக்கு லீவு போட்டா, அவங்க இடத்துல யார் வருவாங்க?" பெயர் சொல்லிப் பதில் வந்தால் ஏற்பாடு இருக்கிறது. "அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம்" என்றால் இல்லை. ஆயாவிடம் தனியாக, "எத்தனை மாசமா இங்க இருக்கீங்கம்மா?" என்று கேளுங்கள். மூன்று பேரிடம் கேட்டு மூவரும் இரண்டு மாதம், மூன்று மாதம் என்றால், உங்கள் குழந்தை பழகிய முகம் தீபாவளிக்குள் மாறிவிடும்.

தூங்கும் அறை

கதவைச் சாத்தி, திரை போட்டு, கும்மிருட்டாக வைத்திருந்தால் குழந்தை அமைதியாகத் தூங்கும் என்பது சரிதான். ஆனால் மூச்சு ஏறி இறங்குவது வாசலிலிருந்து தெரிய வேண்டும், உதட்டின் நிறம் தெரிய வேண்டும். அந்த அளவு வெளிச்சமும், உள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளும் கட்டாயம். கேமராவை வைத்துவிட்டு ஆயா வெளியே சாப்பிடப் போவது ஆள் இருப்பதாகாது.

ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். படுக்கை அமுங்காமல் கெட்டியாக இருக்க வேண்டும். தலையணை, தடித்த போர்வை, பக்கத்தில் அண்டக் கொடுக்கும் உருளைத் தலையணை, பொம்மை எதுவும் கூடாது. தூளி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "வீட்டுல தூளிலதான் தூங்குவான்" என்று நாமே கேட்டு வாங்குகிறோம். தூளியில் குழந்தையின் தாடை மார்பில் படியும்படி தலை மடங்கினால் மூச்சுக்குழல் நெருக்கப்படும். கொஞ்சம் பெரிய பிள்ளை தூளியைச் சுற்றிச் சுற்றி முறுக்கினால் துணி கழுத்தில் இறுகும். வீட்டில் பக்கத்திலேயே பாட்டி உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருப்பார். ஆறு குழந்தைக்கு ஒரு ஆயா இருக்கும் இடத்தில் தூளி வேண்டாம்.

பெற்றோர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் விஷயம் ஒன்று உண்டு. சளி, அலர்ஜி சிரப்புகளில் சில தூக்கம் வரவைக்கும். வீட்டில் தூங்க முக்கால் மணி நேரம் அடம்பிடிக்கும் குழந்தை அங்கே தினமும் மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கினால், தூக்கும்போது கண் திறக்காமல் தலை தொங்கினால், வீட்டுக்கு வந்தும் மந்தமாகவே இருந்தால், ஒரு நாள் என்றால் அசதி. தொடர்ந்து நடந்தால் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டிச் சந்தேகத்தை அப்படியே சொல்லுங்கள். சேர்க்கும்போதே ஒரு விதியை எழுதி வாங்குங்கள்: டாக்டர் சீட்டு, உங்கள் கையெழுத்து, மருந்தின் அளவு, கொடுத்த நேரம் இவை ரெஜிஸ்டரில் இல்லாமல் எந்த மருந்தும் வாயில் போகக்கூடாது. பாராசிட்டமாலுக்கும் இதுதான் விதி.

ஒரு டயபர் மாற்றுவதை முழுசாகப் பாருங்கள்

சுத்தம் எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. ஆயா ஒரு டயபர் மாற்றுவதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நின்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும். புது டயபர், துடைக்கும் துணி, கிரீம் எல்லாவற்றையும் முதலில் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு குழந்தையைப் படுக்கவைக்க வேண்டும். மேசை மேல் என்றால் ஒரு கை குழந்தையை விட்டு எடுபடவே கூடாது. பெண் குழந்தையை முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். அழுக்கு டயபர் மூடியுள்ள தொட்டிக்குப் போக வேண்டும், விரிப்பைத் துடைக்க வேண்டும். குழந்தையின் கையையும் கழுவிவிட்டு, கடைசியில் தன் கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். பெரும்பாலும் தவறுவது இந்தக் கடைசிப் படிதான். அடுத்த நிமிடமே அதே கை பக்கத்துக் குழந்தைக்குப் பருப்புசாதம் பிசையும். ஒரு குழந்தையின் வயிற்றுப்போக்கு வாரக்கடைசிக்குள் எட்டுப் பேருக்கு வருவது இந்த வழியில்தான்.

பக்கத்து வாஷ்பேசினில் சோப்பைத் தொட்டுப் பாருங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு அது காய்ந்து வெடித்துக் கிடந்தால், காலையிலிருந்து யாரும் கை கழுவவில்லை.

அங்கேயே இன்னொன்றும் பாருங்கள்: கழிவறைக்கு அழைத்துப்போவது யார்? எப்போதும் பெண் ஆயாவா, கதவு எப்படி இருக்கும், இன்னொரு பெரியவர் கண்ணில் படும்படியா? இதைக் கேட்டதற்கு முகம் சுளித்தால் நீங்கள் சங்கடப்பட வேண்டியதில்லை. குழந்தையிடம் பாலியல் அத்துமீறல் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது 2012 போக்சோ சட்டப்படி குற்றம், நிர்வாகத்துக்கும் சேர்த்துத்தான். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

கேமரா பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். பெற்றோர் போனில் நேரலை என்றால், உடை மாற்றும் இடம் அதில் தெரிகிறதா என்று பாருங்கள். உங்கள் குழந்தையை மற்ற பெற்றோர் எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதும் அதில் அடக்கம். பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் எடுத்துப் பார்க்கலாம் என்றும் கேளுங்கள்.

தண்ணீர், சம்ப், செப்டிக் டேங்க்

வெளியே ஒரு சுற்று வாருங்கள். நடை பழகும் குழந்தைக்கு உடம்பளவோடு பார்த்தால் தலை கனம். வாளிக்குள் எட்டிப்பார்த்தால் தலைகுப்புற விழும், தானாக எழ முடியாது, சத்தமும் வராது. சில அங்குலத் தண்ணீரே போதும். அதனால் வாளிகளைக் காலி செய்து கவிழ்த்து வைத்திருக்க வேண்டும், பாத்ரூம் கதவுக்குப் பெரியவர் உயரத்தில் கொக்கி இருக்க வேண்டும். சம்ப் மூடி இரும்பா, பூட்டு தொங்குகிறதா, சாவி எங்கே? மேலே ஒரு கடப்பாக்கல்லை வைத்து மூடியிருந்தால் அது மூடியாகாது. செப்டிக் டேங்க் சிலாபில் விரிசலோ, துருப்பிடித்துக் குழிந்த தகடோ இருந்தால் உடனே சொல்லுங்கள். விளையாடுமிடம் அதன் மேலேயே இருந்தால் சேர்க்காதீர்கள்.

டெங்கு கொசு பகலில் கடிக்கும், அதாவது குழந்தை அங்கே இருக்கும் நேரத்தில். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு, மூடாத டிரம், மாடியில் கிடக்கும் பழைய டயர் என நாலு இடம் பார்த்தால் போதும். ஜன்னலில் வலை உண்டா என்றும் கவனியுங்கள்.

வாய்க்குள் போகக்கூடியவை

காலியான டிஷ்யூ ரோல் அட்டைக்குழாய் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளின் கையில் உள்ள எதுவும் அந்தக் குழாய்க்குள் நுழையக்கூடாது. பாட்டுப் பாடும் பொம்மைகளில் பட்டன் பேட்டரி இருக்கும். அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள். பூஜை ஷெல்ஃபில் கற்பூரம் எட்டும் உயரத்தில் இருக்கிறதா? கல்கண்டு என்று வாயில் போட்டால் வலிப்பு வரும். பினாயில், ஆசிட், கொசு லிக்விட் பாட்டில்கள் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும்.

சாப்பாட்டில் வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழு திராட்சை, பச்சை கேரட் துண்டு இவை சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஒரு வயதுக்குள் தேனும் வேண்டாம். தாய்ப்பால் கொடுத்தனுப்பினால் பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். அங்கே 4 டிகிரி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், குழந்தை வாய் வைத்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். "வீணாகுதேன்னு எடுத்து வெச்சேன்" என்பது பாசம்தான், ஆனால் நம் ஊர் வெயிலுக்கு ஆகாது.

தீ என்றால் எப்படி வெளியே வருவார்கள்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிச் சமையல் கொட்டகையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். மாடியில் கூரை வேய்ந்த வகுப்பறை, இறங்குவதற்குக் குறுகலான படி. இருபது வருடத்துக்குப் பிறகும் அபார்ட்மென்ட் இரண்டாவது மாடியில், ஒற்றைப் படிக்கட்டோடு, கைக்குழந்தைகளை வைத்து டேகேர் நடக்கிறது. மூன்று வயதுக்குள் என்றால் தரைத்தளம்தான் வேண்டும். ஒரு பெரியவர் இரண்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், மூன்றாவதைத் தூக்கக் கை இல்லை. மேலே சொன்ன எண்ணிக்கைக் கணக்கு இங்கேயும் வருகிறது.

வெளியேற இரண்டு வழி வேண்டும். பின்கதவு இருக்கிறது என்றால் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாவி தேட ஒரு நிமிடம் ஆனால் அந்தக் கதவு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தீயணைப்பு சிலிண்டரின் முள் பச்சையில் நிற்க வேண்டும். அதை எப்படிப் பிடிப்பது என்று மேனேஜரிடம் கேட்காமல் ஆயாவிடம் கேளுங்கள். மெயின் போர்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருந்தால் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டச் சொல்லலாம், டக்கென்று கரண்ட் போக வேண்டும்.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை, பிளே ஸ்கூலும் சேர்த்து நடத்தும் இடம் என்றால் கல்வித்துறை அங்கீகாரம், தாசில்தார் தரும் பொதுக்கட்டட உரிமம், கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரச் சான்றுகள், அங்கேயே சமைத்தால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு என்று கேளுங்கள். தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். வீட்டிலேயே பத்துக் குழந்தையை வைத்து நடத்துபவரிடம் இதில் பலதும் இருக்காது. அங்கே குறைந்தபட்சம் வேலை செய்பவர்களின் போலீஸ் சரிபார்ப்பைக் கேளுங்கள். அலுவலகத்தில் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் கிரெச் (குழந்தைகள் காப்பகம்) வசதி தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை. 2017 மகப்பேறு சட்டத் திருத்தம் தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கவும் உரிமை தந்தது. ஹெச்.ஆரிடம் கேட்காமலேயே பலர் விட்டுவிடுகிறார்கள்.

சேர்த்த பிறகு

கூட்டிப்போக வரக்கூடியவர்களின் போட்டோவும் போன் எண்ணும் கொடுத்துவையுங்கள். ஒரு நாள், பட்டியலில் இல்லாத மாமாவை அனுப்பிப் பாருங்கள். உங்களுக்குப் போன் வராமல் குழந்தை கைமாறினால் அந்த மாதத்தோடு நிறுத்திவிடலாம். வேன் என்றால், எல்லோரும் இறங்கியபின் ஒருவர் கடைசி சீட் வரை நடந்து பார்க்கிறாரா என்று காலையில் ஒரு முறை பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

காய்ச்சல் வந்தால் மருந்து இல்லாமல் 24 மணி நேரம் தணிந்த பிறகே வரவேண்டும் என்று சொல்லும் இடம் கறாராகத் தோன்றும். லீவு கிடைக்காத அன்று கோபமும் வரும். "பரவாயில்ல, அனுப்புங்க" என்று சொல்லும் இடம்தான் உங்கள் குழந்தைக்கு அடுத்த காய்ச்சலைத் தரப்போகிறது.

விட்டுவிட்டு வரும்போது அழுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். முதல் இரண்டு மூன்று வாரம் அழுகை இருக்கும். படிக்குக் கீழே பத்து நிமிடம் நின்று கேளுங்கள், அழுகை அடங்க வேண்டும். ஒரு மாதம் கழித்தும் ஒரே ஒரு ஆயாவைப் பார்த்தால் மட்டும் உங்களை ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தால் அது வேறு கதை. சிராய்ப்பு, கடித்த தடம் எந்தக் குழந்தைக்கும் வரும். அதை நீங்கள் கேட்கும் முன்பே அவர்கள் சொன்னார்களா, காயம் எழுதும் நோட்டில் நேரத்தோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தினக்குறிப்பையும் உற்றுப் பாருங்கள். பால் எத்தனை மில்லி, தூங்கியது எத்தனை மணி என்று வாரம் முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு, "நன்றாகச் சாப்பிட்டாள்" என்ற ஒரே வரி என்றால், அது சாயங்காலம் கேட் திறக்கும் முன் மொத்தமாக உட்கார்ந்து எழுதியது.