அம்பாசடரின் ஊளை

எங்கள் பழைய டீசல் அம்பாசடர் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பின்னாலிருந்து ஊளையிடும். ஆக்சிலரேட்டரை விட்டதும் சுருதி மாறும். வீல் பேரிங் என்றால் வளைவில்தான் மாறும், இது அப்படியில்லை. சந்தேகம் டிஃபரன்ஷியல் மேல்தான்; இன்ஜின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி அது. ஹேண்ட் பிரேக் போட்டு, அடியில் படுத்து, கியர்பாக்ஸிலிருந்து அதற்குப் போகும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் திருப்பினேன். 'டொக்'கென்று நல்ல ஆட்டம். டிஃபரன்ஷியலின் கியர் ஆயிலை இறக்கினால் ஜரிகைத் தூள் மாதிரி இரும்பு மினுங்குகிறது. ஷாஃப்ட் சேரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையமான பினியன் சீல் கசிந்ததை மூன்று வருஷமாகக் கண்டுகொள்ளாதது என் தப்பு; ஆயில் குறைந்து பல் தேய்ந்துவிட்டது.

உள்ளே ஒன்றையொன்று கடித்துச் சுற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுனையும் சின்னதான பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பழசின் பல்லை எண்ணி, அதே கணக்கில் புது செட் வாங்கினேன். ஆக்சில் ஷாஃப்டை உருவி டிஃபரன்ஷியலை இறக்கியதோடு என் வேலை முடிந்தது. டயல் கேஜ் வைத்துப் பல்லிடைவெளி பார்த்து, அதைச் சரியாக்க மெல்லிய தகடான ஷிம் போட்டது மெக்கானிக் அண்ணன்தான். புது சீல், 90 கிரேடு கியர் ஆயில். இப்போது இன்ஜின் இரைச்சல் மட்டும்தான்.