மணல், கயிறு, ஜிம் சல்லிவன்: தோட்டத்துத் திடலில் கோல் உதைக்கப் பழகுவது எப்படி

முதலில் மணல் வேண்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துத் திடல் மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் சிமெண்டுத் தரை. ரக்பி பந்து முட்டை வடிவம் என்பதால் தானாக நிற்காது. பிளாஸ்டிக் தாங்கி வாங்கக் காசில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். ஒரு மைலோ டின் நிறைய ஆற்று மணல் போதும். அதை லேசாக நனைத்து, நான்கு விரல் உயரத்துக்குக் குவித்து, உச்சியைக் கட்டைவிரலால் அழுத்திக் குழியாக்குங்கள். பந்து அதில் அடங்கி உட்காரும்.

அடுத்தது கம்பம். எங்களிடம் இருப்பது கால்பந்துக் கம்பம். அதன் குறுக்குக் கட்டை 2.44 மீட்டர் உயரம். ரக்பி லீக்கில் அது 3 மீட்டர். இரு கம்பங்களுக்கும் இடைவெளி 5.5 மீட்டர். இரண்டு மூங்கில்களை அந்த இடைவெளியில் குறுக்குக் கட்டையோடு இறுகக் கட்டி, 3 மீட்டர் உயரத்தில் நைலான் கயிற்றை இழுத்துவிடுங்கள். கயிற்றுக்கு மேலே, மூங்கில்களுக்கு நடுவே பந்து போனால் 2 புள்ளி.

உதைக்கும் முன் பையன்களை உட்கார வைத்து ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே பிள்ளைகள் பார்த்த ரக்பி கோலகங்சார் பள்ளிகள் ஆடும் 15 பேர் ஆட்டம். லீக் என்பது 13 பேர் ஆட்டம். அது பிறந்ததே கூலிப் பிரச்சினையில்தான். 1895இல் இங்கிலாந்தின் வடபகுதிக் கழகங்கள் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடிப் பிரிந்தன. சனிக்கிழமை ஆடப் போனால் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் அன்றையக் கூலி போய்விடும். அதை ஈடுகட்டக் கூடாது என்று அதுவரை ரக்பியை நடத்திய பழைய சங்கம் பிடிவாதமாக நின்றது. தோட்டத்தில் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றையச் சம்பளம் இல்லை என்று வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜிம் சல்லிவன் 1903இல் வேல்ஸின் கார்டிஃபில் பிறந்தவர். 1921இல், 17 வயதில், 750 பவுண்டுக்கு வட இங்கிலாந்தின் விகன் கழகத்தில் சேர்ந்தார். காசு வாங்கி லீக் ஆடியவனுக்குப் பழைய ஆட்டத்தின் கதவு அந்நாளில் அடைபட்டுவிடும். அந்த வயதில் ஊரை விட்டு வடக்கே போனவர், விகனுக்காக மட்டும் 774 ஆட்டங்கள் ஆடினார். ஆடிய காலம் முழுவதற்குமாக 2,867 கோல்கள். 1925இல் ஒரே ஆட்டத்தில் 22 கோல்; அன்று விகன் 116–0 என்று வென்றது. லீக் கழகங்கள் மோதும் சேலஞ்ச் கோப்பையின் இறுதியாட்டம் முதன்முறையாக லண்டனின் வெம்ப்ளி அரங்கில் நடந்த 1929இல் விகன் அணித்தலைவர் அவர்தான். அங்கே முதல் புள்ளியும் அவர் காலிலிருந்து வந்ததுதான்.

ஆனால் நான் பையன்களிடம் அழுத்திச் சொல்வது இன்னொன்று: 1921–22 முதல் 1938–39 வரை, தொடர்ந்து 18 பருவங்கள், ஒவ்வொன்றிலும் நூறு கோலுக்குக் குறையவில்லை. 22 கோல் ஒரு நல்ல நாளில் வரலாம். 18 ஆண்டுகள் அப்படி வராது.

என் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விடியலுக்கு முன் நெற்றி விளக்கோடு மர நிரையில் நுழைவார். கத்தியை வைக்கும் சாய்வு எந்த மரத்திலும் மாறாது. பட்டையைச் சீவும் கனமும் மாறாது. கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலோட்டமாகப் போனால் பால் பிடிக்கும் மங்கில் பால் விழாது. உதையும் அதே வேலைதான்.

இனி உதைக்கும் முறை. வலக்காலால் உதைப்பவனுக்குச் சொல்கிறேன், இடக்காலன் மாற்றிக்கொள்ளட்டும். பந்தின் தையல் கோடு கம்பங்களின் நடுவைப் பார்க்க வேண்டும். பந்தை முன்பக்கம் சற்றே சாய்த்து வையுங்கள். சல்லிவன் காலத்தில் காலணி முனையால் நேராக உதைப்பதுதான் வழக்கம். பந்தோ தோல், நனைந்தால் கனக்கும். இன்று பக்கவாட்டிலிருந்து வந்து பாதத்தின் மேற்புறத்தால் உதைக்கிறோம். பின்னால் நான்கு அடி, இடப்பக்கம் இரண்டு அடி எடுத்து வையுங்கள். இந்த எண்ணிக்கை பையனுக்குப் பையன் மாறலாம். ஒருமுறை முடிவு செய்தபின் மாறவே கூடாது.

எல்லாம் ஊன்றும் காலில் இருக்கிறது. இடக்கால் பந்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி ஊன்ற வேண்டும். விரல்கள் இலக்கை நோக்கட்டும். பந்து இடப்பக்கம் ஓடினால் உதைத்த காலைத் திட்டாதீர்கள். மண்ணில் பதிந்திருக்கும் இடக்கால் தடத்தைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் விரல்கள் இடப்பக்கம் திரும்பியிருக்கும். ஈர மண்ணில் பழகுவதை நான் விரும்புவதற்கு இதுதான் காரணம். தடம் பொய் சொல்லாது. பந்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் கால் பட வேண்டும். பட்ட பிறகும் கண் மணலிலேயே இருக்கட்டும்.

ஓரத்திலிருந்து உதைப்பதுதான் பையன்களைப் பயமுறுத்துகிறது. டிரை போட்ட, அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்த, இடத்துக்கு நேராகப் பின்னால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பந்தை எடுத்துப் போகலாம் என்பது விதி. பலர் பயந்து கிட்டத்திலேயே வைக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் இரண்டு மூங்கிலும் ஒன்றாய் ஒட்டித் தெரியும். கம்பங்களின் நடுவிலிருந்து பக்கவாட்டில் 20 மீட்டர் என்றால், ஏறக்குறைய 20 மீட்டர் பின்னால் போங்கள். இடைவெளி அங்கேதான் அதிகம் விரியும். கால் வலு போதாத சின்னப் பையன் கொஞ்சம் முன்னே வரலாம்.

பயிற்சியாளருக்கும் ஒரு வார்த்தை. போன ஆண்டு ஓர் ஆட்டத்தின் கடைசி உதை. பையன் அடி எண்ணிப் பின்னால் போகும்போது நான் ஓரத்திலிருந்து, “மெதுவாடா தம்பி!” என்று கத்திவிட்டேன். அவன் நின்றான், திரும்பிப் பார்த்தான், மறுபடி எண்ணத் தொடங்கினான். பந்து வலப்பக்க மூங்கிலைத் தட்டி வெளியே விழுந்தது. அன்று தோற்றதற்கு அவன் காரணமல்ல, நான்தான். அவன் மணல் குவிக்கத் தொடங்கியதிலிருந்து பந்து கீழே விழும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது.

சல்லிவன் 1932இல் ஆடிக்கொண்டே விகனின் பயிற்சியாளராகவும் ஆனார். 1952இல் செயின்ட் ஹெலன்ஸ் போனார். அந்தக் கழகம் முதன்முதலாகச் சேலஞ்ச் கோப்பையைத் தூக்கியது அவர் பயிற்சியில், 1956இல். பிரிட்டன் அணியோடு ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் மூன்று முறை கப்பலேறியவர். 1936இல் நான்காம் முறை போக அழைத்தபோது, மனைவிக்கு உடல்நலமில்லை என்று மறுத்துவிட்டார். வீட்டில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஒரு பையன் பயிற்சிக்கு வராவிட்டால் நான் ஏன் என்று கேட்பதில்லை.

கடைசியாக ஒரு நோட்டு. அப்பா தன் பாலின் எடையை நாள்தோறும் குறித்துவைத்ததுபோல, ஒவ்வொருவனும் நாளுக்கு 30 உதை உதைத்து, எத்தனை உள்ளே போனது, எந்தக் கோணம், மழையா வெயிலா என்று எழுத வேண்டும். முதல் இரண்டு வாரம் நேர் எதிரே 15 மீட்டரிலிருந்து மட்டும். 30இல் 25 உள்ளே போகும்வரை ஓரத்துக்குப் போக விடாதீர்கள், கெஞ்சுவார்கள், விடாதீர்கள்.

முடிந்ததும் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, மைலோ டின்னை இறுக மூடி வையுங்கள். இரவு மழையில் மணல் ஊறினால் மறுநாள் குவியல் நிற்காது.